பெட்டிக்குள் முப்பத்து மூன்று, பேனா செருகிய ஒன்று

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர், பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். பீர் ஆலை ஒன்றில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசி ஆறு ஆண்டுகள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனதும், வாரந்தோறும் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக் கொடுத்ததும் இந்த வாசகிதான். பெரியவர் தன் உயிலில் வீட்டை மகனுக்கு எழுதிவிட்டு, நிலவறை அலமாரியில் இருந்த பீர் ஸ்டைன்கள் (கைப்பிடி வைத்த பீர் கோப்பைகள்) அனைத்தையும் வாசகிக்கு எழுதி வைத்திருக்கிறார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் மகன்தான். அவரே 45 கோப்பைகளையும் கொண்டுவந்து இறக்கி, ரசீதில் கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி: “அப்பாவின் சேகரிப்பு முப்பதாயிரம் டாலர் போகும் என்கிறார்கள். பாதியைக் கொடுப்பதுதான் நியாயம்.”

இதற்கிடையில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, மொத்தத்துக்கும் 900 டாலர் தருகிறேன் என்றிருக்கிறார். இணையத்தில் தேடினால் ஒரே ஒரு கோப்பைக்கு 1,500 டாலர் என்று போட்டிருக்கிறது. “எது உண்மை? மகனுக்குப் பங்கு தர வேண்டுமா? வரி வருமா? எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அலமாரி நிறைய பீர் கோப்பையை வைத்துக்கொண்டு விருந்தாளிகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று கணவர் சலித்துக்கொள்கிறார்” என்று முடிகிறது கடிதம். கூடவே பதினோரு படங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் படங்களை மூன்று முறை பார்த்தேன். முதல் ஒன்பது படங்களும் பட்வைசர் விடுமுறைக்கால ஸ்டைன்கள். பெட்டியோடும் சான்றிதழோடும் ஆண்டு வாரியாக அடுக்கி, நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறீர்கள். பத்தாவது படத்தில் மூடி போட்ட ஒரு பழைய கோப்பை. பதினோராவது படம் உங்கள் சமையலறை மேசை. நீங்கள் காட்ட நினைத்தது பின்னால் இருக்கும் நான்கு ‘மேற்கு ஜெர்மனி’ கோப்பைகளை. என் கண் போய் நின்றதோ, முன்னால் மூன்று பேனாவும் ஒரு கத்தரிக்கோலும் செருகியிருக்கும் அந்தச் சாம்பல் நிறக் கோப்பையில். “அது மூடி இல்லாதது, அழுக்கு, கணக்கில் சேர்க்க வேண்டாம்” என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த விலையைக் கேட்கிறீர்கள்?

முப்பதாயிரம், தொள்ளாயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று மூன்று எண்களை எழுதி, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் கேள்விக்கான பதில் இல்லை.

1,500 டாலர் என்பது விற்க நினைப்பவரின் ஆசை. யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளுக்கும் எந்த விலையையும் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அதே கோப்பையை அப்படித் தேடிப் பாருங்கள். கேட்ட விலை வேறு, யாரோ ஒருவர் பணத்தை எடுத்து வைத்த விலை வேறு என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

தொள்ளாயிரம் என்பது வியாபாரியின் கொள்முதல் விலை. அவர் பொருளைத் தூக்கிப் போக வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் கடையில் வைத்திருக்க வேண்டும், அதன் பிறகு லாபமும் பார்க்க வேண்டும். ஆகவே சந்தை விலையில் பாதியோ அதற்கும் குறைவாகவோ கேட்பது அவர் தொழிலில் இயல்பு. அதற்காக அவரைத் திட்ட மாட்டேன். முப்பதாயிரத்துக்கோ ஆதாரம் எதுவும் இல்லை. “என்கிறார்கள்” என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார் என்று மகனைக் கேட்டுப் பாருங்கள்.

பழம்பொருள் மதிப்பிடும் எங்கள் தொழிலில் இரண்டு மதிப்புகள் அடிக்கடி வரும். ஒன்று நியாயச் சந்தை மதிப்பு: கட்டாயம் ஏதுமின்றி, விவரம் தெரிந்த ஒருவர் விற்கவும் இன்னொருவர் வாங்கவும் ஒத்துக்கொள்ளும் விலை. உயிலுக்கும் வரிக்கும் நன்கொடைக்கும் செல்லுபடியாவது இதுதான். மற்றொன்று மாற்று மதிப்பு: உடைந்தாலோ திருடு போனாலோ அதே போன்ற இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. காப்பீட்டுக்கு இது. இரண்டாவது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பழைய காப்பீட்டுத் தாளில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுக்கு விற்கும்’ என்று குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரியவர் எப்போதாவது காப்பீடு எடுத்திருந்தால், மகனின் எண் அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

பெட்டியில் இருப்பவை

உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரக்கூடிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்வைசர் பீரைத் தயாரிக்கும் அன்ஹைசர்-புஷ் நிறுவனம் தன் விடுமுறைக்கால ஸ்டைன் வரிசையை 1980-இல் தொடங்கியது. தொடக்க காலத்தவற்றைச் செய்து கொடுத்தது பிரேசில் நாட்டின் செராமார்ட்டே என்ற நிறுவனம். பெரும்பாலானவற்றில் பனி படர்ந்த சாலையும் வண்டி இழுக்கும் கிளைட்ஸ்டேல் குதிரைகளும் இருக்கும். 1933-இல் பீர் மறுபடி சட்டப்படி விற்பனைக்கு வந்ததைக் கொண்டாட, ஆலை முதலாளிக்கு அவருடைய மகன்கள் பரிசளித்த குதிரைகளின் வாரிசுகள் அவை. அழகான கோப்பைகள்தான். ஆனால் சேகரிப்பதற்கென்றே செய்து, சேகரிப்பதற்கென்றே வாங்கப்பட்டவை. வாங்கியவர்கள் அத்தனை பேரும் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போலவே பெட்டி கசங்காமல் பத்திரப்படுத்தினார்கள். இன்று அந்தத் தலைமுறை வீடுகளைக் காலி செய்கிறது. எல்லா நிலவறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைகள் வெளியே வருகின்றன.

சான்றிதழும் வரிசை எண்ணும் இருந்தால் அரிய பொருள் என்று நினைத்திருக்கிறீர்கள். ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்பதில் அந்த வரையறை பல்லாயிரமாகவும் இருக்கலாம். உடையாமல், தொலையாமல், தூக்கி எறியப்படாமல் அத்தனையும் பிழைத்திருந்தால் அதில் அருமை எங்கிருந்து வரும்? உங்களிடம் உள்ளவற்றில் பெரும்பாலான ஆண்டுகளின் கோப்பைகள் பத்து இருபது டாலருக்குள் கைமாறுகின்றன. என்னுடைய ஒரு மணி நேரக் கட்டணத்தில் அவற்றில் பல கோப்பைகளை வாங்கிவிடலாம். அதனால்தான் இந்த 33 பட்வைசர் கோப்பைகளுக்கும் தனித்தனியாக எழுத்துபூர்வ மதிப்பீடு வாங்காதீர்கள் என்கிறேன்.

விதிவிலக்கு, வரிசையின் முதல் சில ஆண்டுகள். குறிப்பாக 1981, 1982 ஆண்டுக் கோப்பைகள் மற்றவற்றைப் போல எளிதில் கிடைப்பதில்லை. உங்களிடம் 1981 இருக்கிறது. 1980 முதல் 2013 வரை நீங்கள் எழுதிய பட்டியலில் இல்லாத ஒரே ஆண்டு 1982. முழு வரிசையாக விற்கலாம் என்ற எண்ணத்துக்கு அது கொஞ்சம் இடைஞ்சல். 1981-ஐ மட்டும் தனியே எடுத்து வையுங்கள். இந்த பட்வைசர் கோப்பைகளுக்கு மூடி இல்லாததால் மதிப்புக் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூடியில்லாமலே வெளிவந்த கோப்பைக்கு மூடி இல்லாதது குறையே அல்ல.

மில்லர், கூர்ஸ், ஸ்ட்ரோஸ், பாப்ஸ்ட் என்று வேறு பீர் நிறுவனங்களின் பெயரில் நீங்கள் பட்டியலிட்ட மற்ற ஆறும் ஏறத்தாழ இதே கதை. ‘எச்.பி.’ என்று கிரீடத்தோடு பொறித்த நான்கும் மியூனிக்கின் ஹோஃப்ப்ராய்ஹவுஸ் பீர் ஆலையின் சின்னம் தாங்கியவை. அந்த ஆலை 1589-இல் தொடங்கியது என்பதால் கோப்பையும் பழையது என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருக்கிறது. அப்படி ஒரு நாடு 1949-இல் பிறந்து 1990-இல் முடிந்தது. சுற்றுலா போனவர்கள் நினைவுக்கு வாங்கி வந்தவை இவை. (வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் இதை யாரும் ‘ஸ்டைன்’ என்பதில்லை. அவர்களுக்கு அது க்ரூக். ஸ்டைன் என்றால் அவர்கள் மொழியில் வெறும் கல்.)

கோப்பையைக் கவிழ்த்துப் படியுங்கள்

இப்போது அந்த இரண்டுக்கு வருவோம்.

பத்தாவது படத்தில் இருக்கும் மூடி போட்ட கோப்பையின் அடிப்பாகத்தையும் படம் எடுத்தது நல்ல காரியம். ஒரு கோபுரம், அதன் கீழே ‘மெட்லாக்’ என்ற பெயர், வி, பி என்ற எழுத்துகள் பின்னிய சின்னம். வில்லெராய் அண்ட் போக் நிறுவனத்தின் மெட்லாக் தொழிற்சாலை அது. ஜெர்மனியின் சார் பகுதியில் ஒரு பழைய துறவி மடத்தை 1809-இல் போக் குடும்பம் வாங்கிப் பீங்கான் தொழிலைத் தொடங்கியது. சின்னத்தில் இருப்பது அந்த மடத்தின் பழைய கோபுரம். ஸ்டைன் சேகரிப்பவர்களிடையே மெட்லாக் என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு. இந்த ஆலைப் பொருள்களைப் படிப்பதும் எளிது, ஏனென்றால் அடியில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் 1526 என்பது வடிவத்தின் எண். அருகில் சின்னதாக 98 என்று பதிந்திருப்பது ஆண்டு, அதாவது 1898. மையால் எழுதிய நான்கு இலக்க எண், கோப்பையின் மேல் உள்ள சித்திரத்தின் எண்.

1526 மிகப் பரவலாகச் செய்யப்பட்ட வடிவம். சித்திரத்தை அச்சிட்டு அதன் மேல் மெருகு (கண்ணாடி போன்ற பூச்சு) ஏற்றிய வகை. கோடுகளைக் குடைந்து நிறம் நிரப்பிய வகைதான் அதிக விலைக்குப் போகும். ஆகவே இது மெட்லாக்கிலேயே எளிய ரகம். ஆனாலும் உங்கள் கோப்பையின் படத்தில் ஒரு பீர் ஆலையின் பெயர் இருக்கிறது. ஆகவே இதை இரண்டு கூட்டத்தார் தேடுவார்கள்: ஸ்டைன் சேகரிப்பவர்கள் ஒரு பக்கம், பீர் ஆலை விளம்பரப் பொருள் சேகரிப்பவர்கள் இன்னொரு பக்கம். நல்ல நிலையில் இருந்தால் நூறு டாலரிலிருந்து சில நூறு வரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நிலையா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். கோப்பையை மெத்தை மேல் வைத்து, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்த இடத்தில் நகம் தடுக்கும். பூசி மறைத்திருந்தால் நகத்துக்கு அந்த இடம் மட்டும் கொஞ்சம் மென்மையாகவும், தொட்டால் குளிர்ச்சி குறைவாகவும் இருக்கும். பிறகு உடம்பை விரல் கணுவால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. பானை ஓட்டைத் தட்டியதுபோல் ‘டொக்’ என்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பிற்காலப் பூச்சு பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். கடைசியாக மூடி. அது வாய்க்குச் சரியாகப் பொருந்துகிறதா, கைப்பிடியைச் சுற்றியிருக்கும் உலோகப் பட்டையில் புதிதாகப் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கோப்பையின் மூடியை மாட்டியிருந்தால் மதிப்பு கணிசமாக இறங்கும்.

மூடியைப் பற்றி இன்னொன்று. உலோகப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அது பியூட்டர், வெள்ளீயக் கலவை. நூறு வருடத்தில் தானாக ஏறிய மங்கல் நிறம்தான் அது பழையது என்பதற்குச் சாட்சி. போனது போகட்டும். இனி எதையும் தேய்க்க வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எதையும் வைக்க வேண்டாம். பழைய பியூட்டரிலும் மெருகிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், எதையும் ஊற்றிக் குடிக்கவும் வேண்டாம்.

இனி அந்தச் சாம்பல் கோப்பை. பேனாக்களுக்கு நடுவே நீல எழுத்தில் ‘லெம்ப்’ என்றும் ‘செயின்ட் லூயிஸ்’ என்றும் தெரிகிறது. உங்கள் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த லெம்ப் ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய பீர் ஆலைகளில் ஒன்று. 1920-இல் நாடு தழுவிய மதுவிலக்கு வந்தபோது அது திரும்ப எழவில்லை. ‘ஃபால்ஸ்டாஃப்’ என்ற தன் புகழ்பெற்ற பீர் பெயரை வேறொரு செயின்ட் லூயிஸ் குடும்பத்துக்கு விற்றார்கள். 1922-இல் ஆலைக் கட்டடங்கள் ஏலத்துக்கு வந்தன. முன்பு எழுபது லட்சம் டாலர் பெறும் என்று சொல்லப்பட்டவற்றை ஒரு காலணி நிறுவனம் 5,88,500 டாலருக்கு எடுத்தது. மதிப்பீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதை இது.

ஆகவே உங்கள் கோப்பை உண்மையானது என்றால் மதுவிலக்குக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை சேகரிப்பதற்காகச் செய்தவை அல்ல. மதுக்கூடங்களில் தினமும் கழுவி, மோதி, விழுந்து உடைந்தவை. மதுவிலக்கு வந்ததும் குப்பைக்குப் போனவை. பெட்டியில் தூங்கிய 33-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: இந்த வகையில் மிஞ்சியதே கொஞ்சம்.

ஆனாலும் அவசரப்பட வேண்டாம். இதில் பொறிகள் உண்டு. முதலாவது ஊர்ப் பெயர். 1939 முதல் சில ஆண்டுகள், ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாய் மாநிலத்து ‘ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்’ ஆலை ஒன்று லெம்ப் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. உங்கள் படத்தில் கத்தரிக்கோல் மறைக்கும் இடத்தில் ‘ஈஸ்ட்’ என்று இருந்துவிட்டால் காலக்கணக்கே மாறிவிடும். இரண்டாவது, மூடிய ஆலைகளின் பெயரைப் பழைய வெற்றுக் கோப்பைகளில் பிற்காலத்தில் ஒட்டி விற்றவர்கள் உண்டு. எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எழுத்து மெருகுக்கு அடியில் இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், மேலே ஒட்டியிருந்தால் தட்டும். தட்டினாலே போலி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அதன் பிறகு நான் கூடுதல் கேள்விகள் கேட்பேன்.

மூன்றாவது, அடி. நிஜமாகவே பல்லாண்டு மேசையில் உரசிய கோப்பையின் அடிவளையம் சுற்றிலும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியது என்றால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அடியில் ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அதையும் எழுதுங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

அந்த வியாபாரி சொன்னதாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தீர்கள்: “அந்த அழுக்கு இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகிறேன் அம்மா, உங்களுக்கு இடமாவது மிச்சமாகும்.” உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது. 43 கோப்பைகளுக்குத் தொள்ளாயிரம் என்பது ஏமாற்று விலை அல்ல, தாராளமான விலைகூட. தாராளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் தானாகவே விடை சொல்லிவிட்டார்.

மகனுக்குப் பங்கு உண்டா?

நான் மதிப்பீட்டாளன், வழக்கறிஞன் அல்ல. ஆனால் உயில் விவகாரங்களில் என் தாள்கள் பலமுறை மேசைக்கு வந்திருப்பதால் பொதுவான நிலையைச் சொல்கிறேன். உயிலில் குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்ட நபருக்கு எழுதியிருந்தால், கடன்கள் தீர்ந்தபின் அது அவருக்குத்தான். பொருளின் மதிப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்பதற்காக அடுத்தவருக்குப் பாதி உரிமை வந்துவிடாது. அவரே பொறுப்பாளராக இருந்து ஒப்படைத்து வாங்கிய ரசீது உங்களுக்கு வலுவான ஆவணம். அதைப் படியெடுத்து வையுங்கள்.

உயிலையே எதிர்க்க நினைத்தால் மிசௌரியில் அதற்கு ஆறு மாதக் கெடு. உயில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட நாள், அறிவிப்பு முதலில் வெளியான நாள், இரண்டில் பிந்தையதிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. முதியவரைப் பராமரித்தவருக்குச் சொத்து போகும்போது, ‘மனத்தை மாற்றி எழுத வைத்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு எழுவது வழக்கம். உயில் எழுதிய விஷயமே எனக்குத் தெரியாது என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். கெடு முடிந்துவிட்டதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒரே சந்திப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை எதையும் விற்காதீர்கள், மகனிடம் தொலைபேசியில் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள், எதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

அந்த இரண்டு கோப்பைகளுக்கும் 1981-க்கும் மட்டும் பெரியவர் இறந்த தேதியில் இருந்த சந்தை மதிப்பைக் குறித்து ஒரு எழுத்துபூர்வ மதிப்பீடு வாங்கலாம். மற்றவற்றுக்கு விற்று முடிந்த விலைகளின் பட்டியல் போதும். முப்பதாயிரம் என்ற பேச்சு அந்தத் தாளின் முன்னால் நிற்காது. இப்படிப்பட்ட சண்டைகள் பேராசையால் வருவதைவிட, தவறான எண்ணால் வருவதே அதிகம். அவருக்கு அப்பாவின் நினைவாக ஏதாவது வேண்டும் என்றால், அவர் பிறந்த ஆண்டுக் கோப்பையோ அப்பா ஓய்வு பெற்ற ஆண்டுக் கோப்பையோ கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்தால், ‘பங்கு’ என்ற சொல் இல்லாமல் அன்பளிப்பாகக் கொடுங்கள்.

வரி

இதில் பயப்பட அதிகம் இல்லை. உயில் வழி வந்த பொருள் உங்கள் வருமானமாகக் கருதப்படாது. மிசௌரியில் மாநில வாரிசு வரியும் இல்லை. விற்கும்போது லாபம் என்பது பெரியவர் கொடுத்து வாங்கிய விலையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. சீக்கிரம் விற்றால் லாபம் பெயரளவுக்குத்தான் இருக்கும். சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு மத்திய வரி உச்சமாக 28 சதவீதம் வரை போகலாம். உங்கள் விஷயத்தில் அது எதன் மேல் விழும் என்று தேடத்தான் வேண்டும்.

அருங்காட்சியகத்துக்கோ அறநிலையத்துக்கோ கொடுத்து வரிக்கழிவு பெறலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணமல்லாத நன்கொடை 500 டாலரைத் தாண்டினால் 8283 என்ற படிவம் வேண்டும். 5,000-ஐத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். உங்கள் சேகரிப்பு அந்த எல்லையைத் தொடும் என்று நான் நினைக்கவில்லை.

மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பது, விற்பது

இந்த வகைப் பொருள்களை மதிப்பிட அமெரிக்காவில் அரசு உரிமம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். யுஸ்பாப் என்று சுருக்கிச் சொல்லும் தொழில்முறை விதிகளின்படி அறிக்கை தருவீர்களா? கட்டணம் மணிக்கணக்கிலா, பொருளின் மதிப்பில் சதவீதமா? பொருளை நீங்களே வாங்கும் எண்ணம் உண்டா? சதவீதம் என்றால் வேண்டாம். இலவசமாக மதிப்பிட்டுவிட்டு அவரே வாங்கவும் தயார் என்றால், அது மதிப்பீடு அல்ல, பேரம்.

ஸ்டைன் சேகரிப்பவர்களுக்கு 1965 முதல் ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. பீர் ஆலைப் பொருள் சேகரிப்பவர்களுக்கும் தனிச் சங்கங்கள் உண்டு. மெட்லாக் முதல் கூட்டத்துக்கு, லெம்ப் இரண்டாவது கூட்டத்துக்கு. அந்தந்தப் பொருளில் பழக்கமுள்ள ஏல நிறுவனத்திடம் அவற்றைத் தனித்தனியே கொடுங்கள். விற்பவரிடம் பிடிக்கும் கழிவையும், வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் தொகையையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பட்வைசர் கோப்பைகளை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்றால் அஞ்சல் செலவே பொருளின் விலையை எட்டிவிடும். நேரில் வந்து எடுத்துப் போகிறவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். அந்த வியாபாரி இந்த 42-க்கு மட்டும் என்ன தருவார் என்று கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. பதில் சுவாரசியமாக இருக்கும்.

மூடி உள்ளதை அனுப்பும்போது மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே மடித்த அட்டையோ பஞ்சுத் தாளோ வைத்து, பிறகு மூடியைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வழியெல்லாம் மூடி விளிம்பைத் தட்டிக்கொண்டே போகும், நூற்றிருபது ஆண்டு தாங்கியது ஒரு லாரிப் பயணத்தில் உடைந்துவிடும். பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்புங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாம்பல் கோப்பையிலிருந்து பேனாக்களையும் கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டு, தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். கைப்பிடியின் உச்சியில், முன்பு மூடிப் பட்டை இருந்து கழன்ற தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து அடிப்பாகத்தை ஒரு படமும், ‘செயின்ட் லூயிஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும்படி இன்னொரு படமும் எடுத்து அனுப்புங்கள். அதன் பிறகுதான் அதற்கு ஒரு எண் சொல்வேன்.